தண்ணீர் குறைந்தால் முதலில் தேடுங்கள், பிறகு ஊற்றுங்கள்: வட சென்னையில் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு கூலிங் வழிகாட்டி

எங்கள் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருடைய டிக்கியில் ஒரு 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கும். குடிக்க அல்ல, ரேடியேட்டருக்கு. வாரம் ஒருமுறை பானெட்டைத் தூக்கி, குறைந்த அளவுக்கு ஊற்றி மூடிவிட்டுக் கிளம்புவோம். நானும் மூன்று மாதம் அப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மே மாதம், கத்திரி வெயில். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டோல்கேட் தாண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஏசியை அணைத்தேன். ஐந்து நிமிடத்தில் முள் தானாகக் கீழே இறங்கியது. சரி, ஆறிவிட்டது என்று எர்ணாவூர் வரை ஓட்டினேன். அங்கே இன்ஜின் நின்றது. சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட் வளைந்துவிட்டது.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் அண்ணன் வாட்டர் பம்ப்பைக் கழற்றி என் கையில் வைத்தார். தண்ணீரைத் தள்ளும் இரும்பு இறக்கைகள் பாதிக்கு மேல் காணோம். மிச்சம் இருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. விரலெல்லாம் செங்கல் நிறத் துரு.

"மூணு மாசமா தண்ணி எங்க போச்சுன்னு பாத்தியாப்பா?"

"ஊத்திக்கினுதான்ணா இருந்தேன்."

"ஊத்துனது தெரியுது. எங்க போச்சுன்னு கேக்குறேன்."

புதிதாக வண்டி வாங்கியவர்கள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். கூலிங் சிஸ்டம் ஒரு மூடிய சுற்று. உள்ளே போட்ட கூலன்ட், அதாவது இன்ஜினை ஆற்றும் திரவம், உள்ளேயே சுற்ற வேண்டும். நல்ல நிலையில் உள்ள காரில் மாதக் கணக்கில் பார்த்தாலும் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்காது. வாரா வாரம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது இன்ஜினே அதைக் குடிக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

நாம் போடும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாகப் போய்விடும். மீதி இன்ஜினின் உலோகத்தில் ஏறுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அந்த ஹெட்டும் பிஸ்டனும் உருகாமல் வேலை செய்வதற்கு முக்கியக் காரணம், சுற்றிலும் ஓடிக்கொண்டிருக்கும் சில லிட்டர் திரவம்.

அது போகும் பாதை சுலபம். வாட்டர் பம்ப் தள்ளிவிட, சிலிண்டர்களைச் சுற்றியுள்ள வாட்டர் ஜாக்கெட்டுக்குள் போய், ஹெட்டுக்கு ஏறி, சூட்டை வாங்கிக்கொண்டு மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வரும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் அது ஓட, குழாய்களுக்கு இடையே உள்ள தகடுகள் வழியாகக் காற்று போகும். சூடு காற்றுக்கு மாறிவிடும். ஆறிய திரவம் கீழ் ஹோஸ் வழியாகத் திரும்பப் பம்ப்புக்கு வரும்.

வண்டி வேகமாக ஓடினால் எதிர்காற்றே போதும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது எதிர்காற்று கிடையாது, ஃபேன் ஒன்றுதான் துணை. அதனால்தான் ஹைவேயில் ஒழுங்காக ஓடுகிற வண்டி கேட்டில் நிற்கும்போது மட்டும் சூடாகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன்மேல் விழ வேண்டும். தலைகீழாக, வேகமாகப் போகும்போது மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

இதில் இரண்டு சின்னச் சாமான்களைப் பலரும் மதிப்பதில்லை. ஒன்று மூடி. ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி. சும்மா திறந்து வைத்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கொதிநிலை ஏறுகிறது. மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருப்பார்கள், அது எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்ற கணக்கு. 0.9 மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வாஷர் போன மூடியில் அந்த அழுத்தம் நிற்காது, நெரிசலில் நின்றதும் பொங்கிவிடும். சில நூறு ரூபாய்ச் சாமான்தான். பொருத்தமான எண் பார்த்து வாங்க வேண்டும். எண் கூடினால் நல்லது என்று பெரியதைப் போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

இன்னொன்று தெர்மோஸ்டாட். நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் வால்வு என்பார்கள். உள்ளே ஒரு மெழுகுக் குப்பி. சுமார் 82 அல்லது 88 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை திரவத்தை ரேடியேட்டர் பக்கம் விடாது, இன்ஜின் சீக்கிரம் தன் சூட்டுக்கு வரட்டும் என்பதற்காக. "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்கு?" என்று கழற்றிப் போடுகிற பழக்கம் இங்கே நிறைய. நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளியே 40 டிகிரி வெயில் இருந்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான், அதன் வேலைச் சூடு 90 பக்கம். வால்வு இல்லாத இன்ஜின் அரைச் சூட்டிலேயே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில வண்டிகளில் பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால் திரவம் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி, சூடு கூடவே செய்யும்.

வால்வு நல்லதா என்று பார்க்க மெஷின் வேண்டாம். கழற்றிய வால்வை ஒரு நூலில் கட்டி, பழைய பாத்திரத்துத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். சின்னச் சின்னக் குமிழி அடியில் ஒட்டும் வரை அசையாது. தண்ணீர் கொதிக்கும் முன்பே, நடுத்தட்டு மெல்ல விலகி ஒரு வளைய இடைவெளி தெரியும். அடுப்பை அணைத்தால் ஆறும்போது மூடிக்கொள்ளும். கொதித்த பிறகும் திறக்கவில்லையா, முதலிலிருந்தே திறந்து கிடந்ததா, இரண்டும் மாற்ற வேண்டியவை. அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு வேண்டாம்.

எந்தத் தண்ணீர்?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரம் முழுக்கப் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. பிளாஸ்டிக் பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டுகிற அந்தத் தண்ணீரை 90 டிகிரியில் சுழலவிட்டால் இன்ஜினுக்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உப்புப் பொருக்கு உட்சுவரில் படிந்து, சூடு திரவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். ரேடியேட்டரின் ஊசிக்குழாய்களை அடைக்கும். அலுமினியமும் இரும்பும் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் சீக்கிரம் அரிக்கும், இரும்பையும் அந்த உப்பு துருப்பிடிக்க வைக்கும். என் வாட்டர் பம்ப் செத்தது இப்படித்தான்.

காசிமேட்டுப் படகுக்காரர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மரைன் இன்ஜினில் கடல் தண்ணீர் இன்ஜினுக்குள் போகாது. இன்ஜினுக்குள் நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் தனியாகச் சுற்றும், கடல் தண்ணீர் எக்ஸ்சேஞ்சர் வரை வந்து சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகும். அந்தப் பக்கத்தில் ஒரு துத்தநாகத் துண்டும் வைத்திருப்பார்கள். உப்பு முதலில் அதை அரிக்கட்டும், மற்றதை விடட்டும் என்று. சுற்றிலும் கடலே இருந்தும் அதை உள்ளே விடாமல் ஓட்டுகிறார்கள். நாம் போர் பைப்பைத் திருப்பி நேராக ஊற்றுகிறோம்.

"இங்க என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை ஏற்றுவது, துருவைத் தடுப்பது, பம்ப்பின் சீலைக் காப்பது ஆகியவை சென்னைக்கும் வேண்டும். கடையில் இரண்டு விதம் கிடைக்கும். ரெடிமிக்ஸை அப்படியே ஊற்றலாம். கான்சன்ட்ரேட்டை டிஸ்டில்டு வாட்டருடன் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கிற அதே டிஸ்டில்டு வாட்டர் போதும்.

நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாகப் பழைய வகைப் பச்சைக் கூலன்ட்டை 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டரில் மாற்றுவார்கள், ஆர்கானிக் வகை 5 வருடம் வரை தாங்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று இருக்கும், அதையே வாங்குங்கள். இரண்டு வகையைக் கலந்தால் துரு தடுக்கும் மருந்து கெட்டுப்போகும், சில சமயம் சேறு மாதிரி திரளும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பரிசோதனை

இதற்குப் பத்து நிமிடம் போதும். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

முதலில் வண்டியை எடுக்கும் முன் அடியில் பாருங்கள். நிறமில்லாமல், வாசனை இல்லாமல் சொட்டியிருந்தால் அது நேற்று ஓடிய ஏசியின் தண்ணீர், கவலை வேண்டாம். நிறமாக, விரலில் வழவழவென்று, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, அது விஷம்.

அப்புறம் பானெட்டைத் திறந்து வெள்ளை பிளாஸ்டிக் டேங்க்கைப் பாருங்கள். அளவு ‘மின்’ கோட்டுக்கும் ‘மேக்ஸ்’ கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். மார்க்கரால் இன்றைய அளவில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். நான் சொல்வதிலேயே மிகவும் உதவுகிற வேலை இதுதான். அடுத்த ஞாயிறு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் தேடல் தொடங்குகிறது. ரேடியேட்டரிலேயே மூடி உள்ள வண்டியில் அதையும் திறந்து, விளிம்பு வரை நிற்கிறதா பாருங்கள். டேங்க்கில் அளவு சரியாக இருந்து ரேடியேட்டர் காலியாக இருப்பதும் உண்டு.

எங்கே தேடுவது? ஹோஸ் மாட்டியிருக்கும் முனைகள், கிளிப்புகள், வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம். ஒழுகின கூலன்ட் காய்ந்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு கட்டும், அந்தக் கறையே காட்டிக் கொடுக்கும். வண்டிக்குள் முன்சீட்டின் கால்மிதி ஈரமாக இருந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது.

ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். உறுதியாக, ஆனால் அமுங்கித் திரும்ப வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தாலும், சொத சொதவென்று இருந்தாலும், வளைவில் வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். எண்ணூர் பக்கத்தினர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் அங்கே தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. கூலன்ட் ஹோஸின் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, உப்பிப் போய் வலு குறையும். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. இன்னொரு அடையாளம்: ஆறிய இன்ஜினில் மேல் ஹோஸ் சப்பையாகி ஒட்டிக் கிடந்தால், ஆறும்போது கூலன்ட்டைத் திரும்ப இழுக்க விடும் மூடியின் சின்ன வால்வு அடைத்துவிட்டது.

ரேடியேட்டர் தகடுகளுக்கு இங்கே இரட்டைத் தொல்லை. கடல் காற்றின் உப்பு ஒரு பக்கம், மணலி சாலை லாரிப் புழுதி இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து தகடுகளுக்கு இடையே சிமென்ட் மாதிரி பிடிக்கும். மாதம் ஒருமுறை சாதாரண ஹோஸ் பைப்பில், மெதுவான அழுத்தத்தில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுவது போல் அடித்தால் அடைப்பு வந்த வழியே போகும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேராகக் காட்ட விடாதீர்கள், தகடு மடங்கிவிடும். முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரும் இதே கதைதான், அதையும் சேர்த்துக் கழுவ வேண்டும்.

ஃபேனுக்கு: இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் சுற்றும். ஏசி இல்லாமல் நிற்க வைத்தால், இன்ஜின் சூடேறியதும் தானாகச் சுற்றி, தானாக நிற்க வேண்டும். மோட்டாரைப் புதிதாக மாற்றிய வண்டியில் முன் கிரில்லில் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள், உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம், கை ஜாக்கிரதை.

முள் ஏறினால்

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். வெந்து போவீர்கள், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை வெளியே இழுக்கும். ஓரம் கட்டுங்கள். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே இன்ஜினை அணையுங்கள். ‘அடுத்த சிக்னல் வரைக்கும்’ என்ற பேச்சே வேண்டாம்.

என் முள் ஏன் இறங்கியது என்பதை இப்போது சொல்கிறேன். சூட்டை அளக்கும் சென்சார் திரவத்தில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் முழுக்கக் கொட்டிப்போனால் அது வெறும் ஆவியிலோ காற்றிலோ நிற்கும், மீட்டர் குறைத்துக் காட்டும். உச்சத்தில் இருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் ஆறியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஓரம் கட்டும் அந்தச் சில நொடியில் ஹீட்டரில் சூடு வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் சுற்றவில்லை.

மூடியைத் தொட முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். சூட்டில் திறந்தால், அதுவரை அழுத்தத்தில் அடங்கியிருந்த திரவம் அந்த நொடியே கொதித்து முகத்துக்கு நேராகப் பீறிடும். மேல் ஹோஸைத் தொட்டு, கை வைக்க முடிகிற சூடாக இருந்தால் மட்டும் கனமான துணியைப் போட்டுக் கால் திருப்பு திருப்பி, சத்தம் அடங்கும் வரை நிறுத்தி, பிறகு திறக்கலாம். சூடான இன்ஜின்மேல் வாளித் தண்ணீர் ஊற்றுவது, உள்ளே குளிர்ந்த தண்ணீர் விடுவது இரண்டும் ஹெட்டை விரிசல் விடச் செய்யும். ஆறிய பிறகு, வேறு வழியில்லை என்றால் கேன் தண்ணீர் ஊற்றிப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம், பிறகு அதை வடித்துவிட வேண்டும்.

ஒருமுறை பொங்கிய வண்டியில் அடுத்த சில நாட்கள் மூன்றைக் கவனியுங்கள்: சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் விட்ட டீ நிறம், இன்ஜின் ஓடும்போது டேங்க்கில் ஓயாத குமிழி. எது தெரிந்தாலும் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஒழுகலே இல்லாமல் அளவு குறைகிறது என்றாலும் அதே சந்தேகம்தான்.

கூலன்ட் மாற்றுவது

ஆறிய இன்ஜின், சமதளம், அடியில் ஒரு பிளாஸ்டிக் டப். சின்னக் கார்களில் மொத்தம் 3.5 முதல் 5 லிட்டர் வரை பிடிக்கும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். ரேடியேட்டர் அடியிலுள்ள திருகைத் திறந்து, அது இல்லாவிட்டால் கீழ் ஹோஸின் கிளிப்பை நகர்த்தி வடியுங்கள். மேல் மூடியைத் திறந்தால்தான் சீராக வரும். வருகிற நிறத்தைக் கவனியுங்கள். செம்மண் நிறம் என்றால் துரு, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் மேலே சொன்ன கேஸ்கட்.

பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து ஃபேன் சுற்றும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும் வரை திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு நான்கு தடவை ஆனது. கடைசித் தடவை டிஸ்டில்டு வாட்டர். எவ்வளவு வடித்தாலும் இன்ஜின் பிளாக்குக்குள் ஒன்றிரண்டு லிட்டர் தங்கிவிடும், அதனால் இப்போது ரெடிமிக்ஸ் ஊற்றினால் நீர்த்துப்போகும். கான்சன்ட்ரேட் வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவில் பாதியை அளந்து முதலில் அதை ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் உள்ளே தங்கியதும் சேர்ந்து கணக்கு சரியாகும்.

மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், ஏர் லாக் ஆன இடத்தில் திரவம் இல்லாமல் ஹெட் காயும். காற்று வெளியேற்றும் திருகு உள்ள வண்டியில் குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும் வரை அதைத் தளர்த்தி வையுங்கள். ரேடியேட்டரில் மூடி உள்ள வண்டியில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, இடையிடையே மேல் ஹோஸை அமுக்கிவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்த நொடியில் அளவு சட்டென்று இறங்கும், மேல் ஹோஸ் சூடாகும். நிரப்பி, குமிழி நின்றதும் மூடுங்கள்.

வடித்த கூலன்ட்டை வடிகாலில் விடாதீர்கள், பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும். டப்பைத் தெருவோரம் திறந்து வைக்கவும் கூடாது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். பழைய கேனில் ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேர்த்து வைக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலை, ஆறிய இன்ஜினில், கிளிப்புகளை ஒருமுறை இறுக்கி, டேங்க்கைப் பாருங்கள். மாட்டியிருந்த காற்று வெளியேறி அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், இந்த ஒரு தடவை நிரப்பலாம். பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டு, தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.